சுழற்காற்றும் தொழிற்கூடமும்

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ரோனோக் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகே, சோள வயல்கள் சூழ்ந்த வெளியில், பார்சன்ஸ் என்பாரின் தொழிற்சாலை இருந்தது. கனரக இயந்திரங்களுக்கு வேண்டிய உலோக உறுப்புகளை அங்கே செய்து வந்தனர். 2004ஆம் ஆண்டு ஜூலை 13ந் தேதி பிற்பகலில், டொர்னேடோ என்று மேனாட்டார் அழைக்கும் கடுஞ்சுழற்காற்று அந்த ஆலையின் மீது நேராக வந்து பாய்ந்தது. ஆலை இருந்த இடத்தில் இடிபாடுகளே எஞ்சின. உள்ளே அப்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தனர். அவர்களில் ஒருவரும் மாளவில்லை.

இதைத் தெய்வச் செயல் என்று சொல்லி அப்பால் செல்ல நமக்கு விருப்பமில்லை. பார்சன்ஸ் 1974இல் ஒரு சுழற்காற்றின் கொடுமையை நேரில் கண்டு தப்பியவர். பிற்காலத்தில் சொந்த ஆலையை எழுப்பும்போது, இரும்புக் கம்பி கோத்த கான்கிரீட்டினாலேயே சுவரும் மேல்தளமும் அமைத்த வலுவான அறைகளை அதனுள் கட்டச் செய்தார். அவை பூட்டிக் கிடக்கும் அறைகள் அல்ல. தொழிலாளர் நாள்தோறும் கைகால் கழுவவும் இயற்கைக் கடன் கழிக்கவும் பயன்படுத்திய அறைகளே. ஆகவே வழி தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆண்டுதோறும் ஒத்திகை நடந்தது. வானத்தைக் கவனித்து எச்சரிக்கை சொல்வதற்கென்று பணியாளர்களுக்குள்ளேயே பயிற்சி பெற்றவர் இருந்தார். சுழற்காற்றைப் பொறுத்தவரை எச்சரிக்கைக்கும் அடிக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் கால்மணி நேரம்கூட இல்லை. அந்த அவகாசத்துக்குள் அத்தனை பேரும் அந்த அறைகளுக்குள் சென்றுவிட்டனர்.

அதே இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட்ஸ்வில் என்ற ஊரில் 2021 டிசம்பர் 10ந் தேதி இரவு நடந்தது வேறு கதை. அமேசான் கம்பெனியின் மிகப்பெரிய சரக்குக் கிடங்கைச் சுழற்காற்று தாக்கியது. சுவரும் கூரையும் சரிந்து ஆறு பேர் மாண்டனர். புகலிடமாகக் குறிக்கப்பட்ட இடம் கட்டடத்தின் வடபுறத்தில் இருந்தது. மாண்டவர்கள் தென்புறத்தில் இருந்தனர். அந்நாட்டு மத்திய அரசின் தொழிற் பாதுகாப்பு இலாகா விசாரணை நடத்தி 2022இல் தன் முடிவைத் தெரிவித்தது. புகலிடம் எது என்பதே ஊழியர் சிலருக்கு நினைவில் இல்லை. புகலிடத்துக்குப் போகும்படி கூவி அறிவிப்பதற்கென்று வைத்திருந்த கைக்குழல் ஒலிபெருக்கியோ பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் கிடந்தது. அவசரத்துக்கென்று வாங்கிய பொருளைக் களவு போகாமல் காத்திருக்கிறார்கள்! ஆயினும் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஏற்பாடுகள் இருந்தமையால் அபராதம் எதுவும் விதிக்கப்படவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பப்பட்டது. சட்டம் கேட்ட அளவோடு நின்றுவிடும் நிர்வாகங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அதே இரவில் கென்டக்கி மாநிலத்து மேஃபீல்டு நகரில் மெழுகுவத்தி ஆலை ஒன்று அடியோடு அழிந்தது. பண்டிகைக் காலத்துத் தேவைக்காக இரவிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஒன்பது பேர் இறந்தனர். மாலையிலேயே அபாய அறிவிப்பு வந்தது என்றும், வீடு செல்ல அனுமதி கேட்டபோது, சென்றால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாகவும் உயிர் தப்பியவர்களில் சிலர் கூறினர். நிர்வாகம் அதை மறுத்தது. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புக் கூறும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் கூலிக்கு வேலை செய்பவன் மனத்தில் அப்படியொரு அச்சம் எழக்கூடும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அரை நாள் தறி நின்றால் அன்றைய அடுப்பு என்னவாகும் என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

இவை பணக்கார நாட்டின் செய்திகள். ஏழை நாட்டு நெசவாளன் கதி என்ன? வங்காள தேசத்தில் டாங்காயில் கைத்தறிப் புடவைக்குப் பேர்பெற்ற மாவட்டம். 1996 மே 13ந் தேதி அம்மாவட்டத்தின் கிராமங்கள் வழியே சுழற்காற்று புகுந்து சென்றது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதற்கு ஏழாண்டுகள் முன்பு, 1989 ஏப்ரல் 26ந் தேதி, அதே நாட்டில் சாட்டூரியா வட்டாரத்தில் சுமார் 1,300 பேரைச் சுழற்காற்று கொண்டுபோயிற்று. உலகில் பதிவான சுழற்காற்றுகளில் மிகுந்த உயிர்களைக் குடித்தது அதுவே. இத்தகைய காற்றில் அங்கே பலரைக் கொல்வது இடிந்து விழும் சுவர் அன்று, கூரையிலிருந்து பிய்ந்து கத்திபோல் பறந்துவரும் நெளித்தகரம். பட்டறையும் வீடும் ஒன்றாக வாழும் நெசவாளனுக்கு ஓடி ஒளிய உள்ளறை ஏது? வங்கக் கடலோரத்தில் புயல் புகலிடங்கள் பல எழுந்துள்ளன. அவை கடல் பொங்கி வரும்போது காப்பவை. உள்நாட்டில் சில நிமிடங்களில் வந்து போகும் சுழற்காற்றுக்கு அவை எட்டாத் தொலைவு.

தனியொரு நெசவாளனால் கான்கிரீட் அறை கட்ட இயலாது என்பது உண்மை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தால் இயலாதா? நூல் சிட்டங்களும் நெய்த துணிகளும் வைக்கும் அறையை எப்படியும் கட்டத்தான் போகிறோம். அதன் ஒரு பகுதியைச் சன்னலற்றதாக, மேல்தளத்தையும் சுவரையும் கம்பியால் பிணைத்ததாகக் கட்டுவதில் கூடுதற் செலவு இருக்கும், மறுக்கவில்லை. அந்தச் செலவுக்குக் கிடைப்பது ஒரு கிடங்கு மட்டுமன்று, ஊருக்கு ஓர் அரண். பார்சன்ஸின் ஆலையில் கழிப்பறை செய்த வேலையை நம் நூற்கிடங்கு செய்யும். அதிலும் ஒரு நிபந்தனை: அதன் சாவி காரியதரிசியின் இடுப்பில் மட்டும் இருக்கலாகாது. பூட்டிய கூண்டின் கதை நமக்கும் வேண்டாம்.

நம் நாட்டில் கடுஞ்சுழற்காற்று அரிது. நம் கடற்கரைக்கு வருவது புயல். இரண்டும் ஒன்றல்ல. புயல் பல நாள் முன்னதாகவே தெரிகிறது. 2018 நவம்பர் 16ந் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. ஆயினும் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மரத்தை எவரும் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆனால் தறிக்குழியில் நீர் நிறையுமுன் பாவையும் அச்சையும் கழற்றி மேலே ஏற்றலாம். கூரைத் தகடுகளைக் கைமரத்தோடு இறுக்கலாம். கணக்குப் புத்தகங்களையும் பங்குத் தொகைப் பதிவேட்டையும் உயரமான இடத்தில் வைக்கலாம். சில நிமிடமே கிடைத்த ரோனோக்கில் ஒத்திகை நடத்தினார்கள். நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும் நாம் ஒருமுறையேனும் நடத்தியிருக்கிறோமா?

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. அபாய அறிவிப்பு வெளியான நேரத்திலிருந்து தறியை நிறுத்தி வெளியேறும் அங்கத்தினருக்கு அந்நாளின் கூலியைச் சங்கமே தர வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பங்காதாயம் குறையும் என்று சில நிர்வாகஸ்தர்கள் முகம் சுளிக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு நாள் வரும் செலவு அது. மேஃபீல்டு ஆலையில் எழுந்த வழக்கு நம் கொட்டகையில் எழாதிருக்க அதைவிட மலிவான வழி நமக்குத் தெரியவில்லை. முதலாளி வேறு, தொழிலாளி வேறு என்ற ஆலையிலேயே ஒரு முதலாளி முன்யோசனையோடு நடந்துகொண்டார். முதலாளியும் தொழிலாளியும் நாமே ஆன இடத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை ஏன் வரவேண்டும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூடும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை அங்கத்தினர்கள் முன்வைக்கலாம்: நூற்கிடங்கின் ஒரு பகுதியை அரணறையாக மாற்ற மதிப்பீடு வாங்குவது ஒன்று, எச்சரிக்கை நாளின் கூலி மற்றொன்று. ஒத்திகைக்குத் தீர்மானம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரு மணியும் போதும்.