புல்லட் ஆம்பளை வண்டியா?



போன மாதம் நம் பள்ளி வாசலில் ஒரு பழைய புல்லட் நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், "ஏய், அது ஆம்பளைங்க வண்டி. உன்னால உதைக்கக்கூட முடியாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் வண்டியின் கதை. ராயல் என்ஃபீல்டு கம்பெனி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் 1901இல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. நம் ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டதால், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்து இங்கே தொழில் தொடங்கினார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 500 சிசி வந்தது. டீசல் புல்லட்கூட வந்தது! ஆனால் ரெட்டிச் தொழிற்சாலையை 1967இல் மூடிவிட்டார்கள். 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் போனது. பிறந்த வீட்டுக்கே சீர் கொண்டு போன மாதிரி!

அடுத்தது, உதைக்கிற விஷயம். என் மாமா மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அங்கே ஒரு பழைய புல்லட் இருக்கிறது. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் நாள் நான் எகிறி எகிறி உதைத்தேன். அசையவே இல்லை. மாமா, "பலத்தக் காட்டாத பாப்பா, முள்ளப் பாரு" என்றார். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். உடனே டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். அப்போது அடைபட்ட காற்று வெளியே போய், பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லிவரை விட்டுவிட்டு ஒரே உதை. டப் டப் டப்! இதற்கு வேண்டியது தெரிந்துகொள்வதுதான், மீசை இல்லை.

மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அறிவியல் மிஸ் உதவியோடு தேடிப் படித்தது. பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 14 வயதில், அதாவது என் வயதில், ஒரு ராயல் என்ஃபீல்டு வண்டியை வாங்கிக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். பிறகு இன்ஜினியர் ஆனார். 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கினார். 100 மைலைத் தாண்டுகிறவர்களுக்கு அங்கே கொடுக்கும் பரிசு அது. அந்தப் பரிசின் பெயரைத்தான் பி.எஸ்.ஏ. கம்பெனி தன் 'கோல்டு ஸ்டார்' வண்டிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானம் சட்டென்று கீழே பாயும்போது இன்ஜின் நின்றுபோனது. 1941இல் ஷில்லிங் ஒரு சின்ன ஓட்டை போட்ட உலோகத் துண்டை வைத்துப் பெட்ரோல் அதிகம் பாயாமல் தடுத்தார். விமானிகள் பிழைத்தார்கள்.

அவர் ஊரிலும் யாராவது சிரித்திருப்பார்கள். ஆனால் அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

நம் அறிவியல் கண்காட்சியில் இன்ஜின் மாடல் பையன்களுக்கு, சத்துணவு சார்ட் எங்களுக்கு என்று ஒவ்வொரு வருஷமும் பிரிக்கிறோம். சத்துணவு முக்கியம்தான். அதைப் பையன்களும் தெரிந்துகொள்ளட்டும். இந்த வருஷம் இன்ஜின் மாடலில் எங்கள் பெயரையும் எழுதுங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு லைசென்சு எடுக்க 18 வயது ஆக வேண்டும். அதுவரை ரோட்டில் ஓட்ட மாட்டேன். ஆனால் அன்று சிரித்த நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாமா ஷெட்டுக்கு வாங்க. ஸ்டாண்டு போட்டு, ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன். உங்களுக்கும் சொல்லித் தர்றேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி