சேனைத் தண்ணீரும் சீம்பாலும்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்கள் குழந்தையின் மூன்றாம் திங்களிலிருந்தே பாடத் தொடங்குவர். பாட்டியல் நூல்கள் வகுத்த வரம்பு அது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, பாட்டுக்கு எட்டாத முதல் இரண்டு மூன்று நாள்களே பெருஞ்சோதனை. அந்நாள்களில் நம் இல்லங்களில் நடப்பவை குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. தொப்புள்கொடி அறுந்ததும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. நிறைமாதக் குழந்தை கல்லீரலில் சேர்த்து வைத்ததைக் கொண்டு சமாளிக்கும். அச்சேமிப்போ பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களில் நிகழ்வது. முந்திப் பிறந்த குழந்தை கட்டுச்சோறின்றி வழிநடப்பவரை ஒக்கும். குருதியில் சர்க்கரை மிகத் தாழ்ந்து நீடித்தால் வலிப்பு நேரலாம். பின்னாளில் பார்வையும் கற்கும் திறனும் குறைபடலாம். பல குழந்தைகளிடம் வெளிப்படையான அறிகுறியே தோன்றாது என்பதுதான் அச்சந்தருவது. “பச்சைமண்ணை ஏன் ஊசியால் குத்துகிறீர்கள்?” என்று செவிலியரைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குதிகாலில் எடுக்கும் அந்த ஒரு சொட்டுக் குருதியன்றி வேறு சாட்சி இல்லை.

“சர்க்கரைதானே குறைவு? சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால் தீர்ந்தது” என்பர் சிலர். கேட்கப் பொருத்தமாகத் தோன்றினும் இது பிழையான முடிவு. வீட்டுச் சேனைத் தண்ணீருக்கு அளவில்லை, தூய்மைக்கு உறுதியுமில்லை. சிறு வயிற்றை நிரப்பிப் பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஏறத்தாழ 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒத்திசைவதில்லை. புகட்டியது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். தேனோ ஓராண்டு நிறையாத எக்குழந்தைக்கும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தர வல்லது.

2013ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 35 வாரங்களும் அதற்கு மேலும் நிறைந்து பிறந்து, சர்க்கரை தாழ்ந்த குழந்தைகளின் உட்கன்னத்தில் 40 விழுக்காட்டுக் குளுக்கோசுக் களிம்பைத் தடவியபோது நற்பயன் விளைந்தது என்பது அதன் முடிவு. இதனைக் கொண்டு, பேரீச்சங்கனியை மென்று குழந்தையின் வாயில் தடவும் ‘தஹ்னீக்’ அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதென மேடையில் முழங்குவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறைக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் எதற்கு? களிம்பு, எடைக்கேற்ப அளந்து, பாலூட்டலோடு சேர்த்து, மீண்டும் குருதியைச் சோதித்துத் தரப்படும் மருந்து. இரண்டையும் ஒன்றாக்குவது மார்க்கத்துக்கும் மருத்துவத்துக்கும் நீதி செய்வதாகாது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. எனினும் நலிந்த குழந்தைக்குத் தஹ்னீக் செய்வதை மருத்துவர் இசையும் நாள்வரை தள்ளிவைக்கலாமா என்பதை ஆலிம் பெருமக்கள் ஜும்ஆ உரையிலேயே தெளிவுறுத்தினால், பல தாய்மார்களின் கலக்கம் தீரும்.

ஈராண்டுப் பாலூட்டலை அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் ஓதும் நம்மிடையேயும், மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் முற்றும் அற்றுவிடவில்லை. சப்ப இயலாத குழந்தைக்கும் அதைப் பாலாடையாலோ குழாய் வழியாகவோ ஊட்ட இயலும். அது போதாதபோதுதான் நரம்புவழிக் குளுக்கோசு. குளிர்ந்த உடல் சர்க்கரையை விரைந்து செலவழிக்குமாதலால், தாயின் மார்போடு தோல்படச் சேர்த்துக் கிடத்துவதும் மருத்துவமே. பிள்ளை பார்க்கச் செல்லும் உறவினர் தேன்சீசாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, அத்தாய் நாணமின்றிப் பால் பீய்ச்ச ஒரு மறைவிடமும், மார்பில் பிள்ளையைச் சார்த்திக்கொள்ள ஒரு சாய்வு நாற்காலியும் கேட்டு வாங்கித் தரட்டும்.