தடை போட்டால் தமுக்கு அடியுங்கள்!

ராஜபாளையத்துக்காரர் ஒருவர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக இருந்தார். பி. எஸ். குமாரசாமி ராஜா என்று பெயர். 1949-ம் ஆண்டு முதல் 1952 வரை பதவி வகித்தார். காந்தி வழியில் நின்றவர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ராஜபாளையத்தில் இன்றும் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள்.

அந்த நல்ல மனிதரின் சர்க்கார்தான், 1950-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, ஒரு பத்திரிகைக்குத் தடை போட்டது!

பத்திரிகையின் பெயர் "கிராஸ் ரோட்ஸ்". பம்பாயில் இருந்து வந்த ஆங்கில வாரப் பத்திரிகை. ரொமேஷ் தாப்பர் என்பவர் நடத்தினார். நேருவின் சர்க்காரைச் சாடி எழுதும். "இந்தப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது, பரவக்கூடாது" என்று உத்தரவு பிறந்தது.

பத்திரிகையை அச்சடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பம்பாயில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தமிழ்நாட்டு வாசகர் கைக்கு வந்து சேருவதைத்தான் தடுத்தார்கள்.

தாப்பர் சும்மா இருக்கவில்லை. நேரே டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே மாதம் 26-ந் தேதி தீர்ப்பு வந்தது. அன்றுதான் அரசியல் சட்டத்துக்குச் சரியாக நான்கு மாதம் வயது! ஆறு நீதிபதிகள் விசாரித்தார்கள். ஐந்து பேர், "தடை செல்லாது" என்றார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வக்கீலாக இருந்தவர்.

எழுதுவதற்கு மட்டும் உரிமை இருந்து, எழுதியது ஜனங்களிடம் போய்ச் சேராவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன்? இதுதான் தீர்ப்பின் சாரம்.

டெல்லி சர்க்காருக்கு இந்தத் தீர்ப்பு கசந்தது. மறு ஆண்டே, 1951-ல், அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். "பொது ஒழுங்கைக் காப்பதற்காகவும் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம்" என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். இன்று கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

குமாரசாமி ராஜா 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார், தோற்றார். பத்திரிகைத் தடைக்கும் அந்தத் தோல்விக்கும் முடிச்சுப் போட வேண்டாம். அரிசியும் ரேஷனும்தான் அந்தத் தேர்தலில் ஊரெல்லாம் பேச்சு.

கெஜட்டில் வந்த தடை

ஒரு விஷயத்தில் அந்த சர்க்காரைப் பாராட்டத்தான் வேண்டும். தடையை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. செயிண்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சடித்து வெளியிட்டார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் பத்திரிகை என்று எல்லாம் அதில் இருந்தது. அதனால்தான் தாப்பர் வழக்குப் போட முடிந்தது. மூன்று மாதத்துக்குள் ஜெயிக்கவும் முடிந்தது. உத்தரவே கண்ணில் படாவிட்டால் எதை எதிர்த்து வழக்காடுவது?

அந்தக் காலத்தில் ஏலமானாலும் வரியானாலும் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்று அடித்தால் ரத வீதிக்கெல்லாம் கேட்கும். உத்தரவு பிடிக்காதவர் திட்டுவார். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

எழுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு...

2025-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி மாலை. விகடன் பத்திரிகையின் இணையதளத்தைத் திறந்தவர்கள் பலருக்கு அது திறக்கவில்லை. செல்போன் கெட்டுவிட்டதோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் திறக்கவில்லை.

காரணம் ஒரு கேலிச் சித்திரம். அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கு பூட்டி உட்கார்ந்திருப்பதுபோல் வரைந்திருந்தார்கள். இந்தியர்களுக்குக் கைவிலங்கு பூட்டி அமெரிக்கா விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம் அது. படத்தின் மேல் பா.ஜ.க.வின் மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை மத்திய மந்திரியிடம் புகார் கொடுத்திருந்தார்.

படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அது அவரவர் கருத்து. ஆனால் ஒரு படத்துக்காக, 1926-ல் தொடங்கிய ஒரு பத்திரிகையின் இணையதளம் முழுவதையும் மூடுவதா? ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தியது போல் ஆயிற்று.

அதைவிட முக்கியமான சங்கதி வேறு. தளம் முடங்கியபோது, "சர்க்காரிடம் இருந்து எங்களுக்கு ஓர் அறிவிப்பும் வரவில்லை" என்று விகடன் சொன்னது. முதலில் பூட்டு, நோட்டீசு பிறகு! கெஜட்டும் இல்லை, தமுக்கும் இல்லை.

விகடன் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. மார்ச் 6-ந் தேதி உத்தரவு வந்தது. "அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்து வையுங்கள். எடுத்ததும் தடையை சர்க்கார் நீக்க வேண்டும்" என்றது கோர்ட்டு. பெரிய பத்திரிகை, வக்கீல் வைக்க வசதி உண்டு. அதற்கே மூன்று வாரம் பிடித்தது. தனி மனிதர் ஒருவர் எழுதியதை மறைத்துவிட்டால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இப்படித் தடுக்க ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு என்று அதற்குப் பெயர். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மத்திய சர்க்கார் இணையத்தில் எதையும் மறைக்கச் சொல்லலாம். புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 1950-ம் ஆண்டு சர்க்காருக்கு இல்லாத கூச்சம் 2009-ம் ஆண்டு விதிக்கு எங்கிருந்து வந்தது?

சிவகிரியில் நின்றது

பத்திரிகைக்காரர்கள் பாடு நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ராஜபாளையத்தில் அப்படி நினைக்க முடியாது.

2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த ஜனங்கள் மேல் போலீசார் சுட்டார்கள். 13 பேர் மாண்டனர். மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் ஐந்து நாளைக்கு இன்டர்நெட் கிடையாது!

இன்று தென்காசி ஜில்லாவில் இருக்கும் சிவகிரியும் சங்கரன்கோவிலும் அன்று திருநெல்வேலி ஜில்லா. ராஜபாளையத்தில் இருந்து தெற்கே பஸ் ஏறினால் சேத்தூர், அதைத் தாண்டினால் ஜில்லா எல்லை, பிறகு சிவகிரி. எல்லைக்கு இந்தப் பக்கம் இன்டர்நெட் உண்டு. அந்தப் பக்கம் இல்லை. தூத்துக்குடிக் கலவரத்துக்கும் சிவகிரிக்கும் என்ன சம்பந்தம்?

என்ஜினீயரிங் கல்லூரிக்கு முதல் முறையாக ஆன்லைன் மூலம் கலந்தாய்வு வைத்த ஆண்டு அது. பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டிய நாட்கள் அவை. செல்போனில் பணம் அனுப்புவதும் வாங்குவதும் ஜனங்களுக்குப் பழகி வந்த நேரம். எல்லாம் நின்றது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை கேள்வி கேட்டது. நெல்லையிலும் குமரியிலும் ஐந்து நாள் முடியும் முன்பே இணைப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியானால், முதலில் ஏன் நிறுத்தினார்கள்?

காஷ்மீரில் மாதக்கணக்கில் இன்டர்நெட்டை நிறுத்திய வழக்கில், 2020 ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு வழி சொன்னது. நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும். முடிவே இல்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. 2024-ம் ஆண்டு விதிகளிலும் இது ஏறிவிட்டது. காரணம் எழுத வேண்டும். உத்தரவை வெளியிட வேண்டும். ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது.

நிறுத்துவதற்கு இப்போது தமுக்கு உண்டு. மறைப்பதற்குத்தான் இல்லை.

உயிரைக் குடித்த வதந்தி

"எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பொய் பரவுமே!" என்பார்கள். பரவும். மறுக்க முடியாது.

அதே 2018 மே மாதம். திருவண்ணாமலை ஜில்லாவில், போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குலதெய்வம் கும்பிடச் சென்னையில் இருந்து காரில் ஒரு குடும்பம் வந்தது. காரில் இருந்த 65 வயது அம்மாள் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பொய்ச் செய்தி சுற்றிக்கொண்டு இருந்தது. கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது! சாமி கும்பிட வந்தவர். சாக்லெட் கொடுத்த கை!

இதைக் கேட்டு மனம் கொதிக்காதவர் யார்? அந்த ஆண்டே வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2021-ல் மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டது. கோர்ட்டோ அதிகாரியோ சட்டப்படி கேட்டால், ஒரு செய்தியை முதன் முதலில் அனுப்பியவர் யார் என்று கம்பெனி காட்ட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதில்தான் சிக்கல்.

வாட்ஸ்அப்பில் போகும் செய்தி ஒட்டிய கவர் மாதிரி. அனுப்புகிறவர் செல்போனில் பூட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் செல்போனில்தான் திறக்கும். நடுவே கம்பெனிக்காரரே படிக்க முடியாது. எந்தச் செய்தி நாளை வம்பாகும் என்று இன்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒன்றைக் கண்டுபிடிக்க, அத்தனை கோடிச் செய்திகளுக்கும் அடையாளம் குத்தி வைக்க வேண்டும். மகள் தாய்க்கு எழுதுவதும், நோயாளி டாக்டருக்கு எழுதுவதும் அதில் சேர்த்தி. கம்பெனி டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. "பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம்" என்று 2024 ஏப்ரலில் அதன் வக்கீல் கோர்ட்டில் சொன்னார். கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். அதற்காக ஜனங்களுக்குக் கவர் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு முன்பெல்லாம் தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துச் சொல்வார். மருமகன் கோபமும் மகன் கடனும் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டுத் திண்ணையில் அதைப் பேச மாட்டார். பேசினால் அடுத்த கடிதத்தை யார் அவர் கையில் கொடுப்பார்கள்?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். இன்று பால்கோவாக் கடை ஆர்டரும், மில் தொழிலாளியின் சம்பளக் கணக்கும், பெண் பார்க்கும் போட்டோவும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. வதந்தி பரப்பியவரின் செல்போனைப் பிடித்து, கேட்டவரை விசாரித்து, குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போலீசாருக்குத் தெரியும். அது கொஞ்சம் கஷ்டமான வேலை. கஷ்டம் என்பதற்காக ஊரார் கவரை எல்லாம் பிரிக்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2009-ம் ஆண்டு ரகசிய விதியை எடுத்துவிட வேண்டும். எதை மறைத்தோம், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று தமிழிலும் எழுதி வெளியிட வேண்டும். ராஜபாளையம் தாலுகா ஆபீஸ் சுவரிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் சுவரிலும் ஏல நோட்டீசு ஒட்ட இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இதற்கும் ஓரடி இடம் போதும்.