உப்பைக் குறைப்போம், சுவையை அன்று

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்னும் பழமொழியை எங்கள் புறநோயாளிப் பிரிவில் கேட்காத நாளில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோயாளிகளிடமும் உயர் இரத்த அழுத்தமுள்ளவர்களிடமும் இதை நாங்கள் வலியுறுத்துகிறோம். வீட்டார் உப்பைக் குறைத்துச் சமைக்கின்றனர். நோயாளி சில நாள் பொறுக்கிறார். பின்னர் ஊறுகாயை நாடுகிறார். கால் வீங்கி, மூச்சு வாங்க மீண்டும் இங்கு வருகிறார். இதற்கு அவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. எதை விலக்க வேண்டும் என்று சொன்ன நாங்கள், அதன் இடத்தில் எதை வைப்பது என்று சொல்லத் தவறினோம்.

மெக்சிகோ நாட்டு வீடுகளில் செய்யப்படும் 'சல்சா வெர்தே' என்னும் பச்சை மிளகாய்ச் சட்னி இதற்கு ஒரு நல்ல விடை. மிளகாயே அம்மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம் அடுக்களைக்கு வந்ததுதான். இச்சட்னிக்குப் புளிப்பைத் தருவது டொமாட்டியோ என்னும் உறை மூடிய காய். நமது சொடக்குத் தக்காளிக்கு உறவானது. உறை நீக்கிக் கழுவிய கால் கிலோ காய், 2 பச்சை மிளகாய், அரை வெங்காயம், தோலுடன் 2 பல் பூண்டு ஆகியவற்றை எண்ணெயின்றித் தோசைக்கல்லில் ஆங்காங்கே கருகும்வரை சுட வேண்டும். பூண்டின் தோலை உரித்து, ஒரு கைப்பிடிக் கொத்தமல்லித் தழை சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அங்கே உப்பும் இடுவர். நாம் அதற்கு மாற்றாக எலுமிச்சை பிழியலாம். டொமாட்டியோ கிடைக்காதவர்கள் செங்காய்த் தக்காளியைப் பயன்படுத்தலாம்.

சுட்ட மணமும் புளிப்பும் காரமும் சேரும்போது உப்பின் குறை பெரிதாகத் தோன்றாது. கடையில் விற்கும் புட்டிகளிலோ பெரும்பாலும் உப்பு சேர்ந்தே இருக்கும். வீட்டில் அரைத்தால் அதன் அளவு நம் கையில் இருக்கும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும், வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதை உண்ண வேண்டும். நெஞ்செரிச்சலும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்கள் தவிர்ப்பது நன்று.

பத்தியம் என்பது தண்டனையாக இருந்தால் நெடுநாள் நிலைக்காது. அடுத்த முறை வரும்போது, 'எதைச் சாப்பிடக்கூடாது' என்பதோடு, 'எதைச் சுவைத்துச் சாப்பிடலாம்' என்றும் எங்களிடம் கேளுங்கள். அதற்கு விடை சொல்வதும் எங்கள் கடமையே.