மொட்டைக் கழுத்துக் கோழியை ஒதுக்குதல் தகுமோ?

கிராமத்து முற்றங்களில் மேயும் கோழிகளிடையே கழுத்தில் இறகற்ற கோழிகள் சில காணப்படுவதுண்டு. அழகற்றது, நோயுற்றது, விலைபோகாதது என்றெல்லாம் கூறி, நன்கு முட்டையிடக்கூடிய பேட்டையும் இளம்பருவத்திலேயே கறிக்கு அறுத்துவிடுவோர் உளர். இவ்வழக்கம் வளர்ப்போருக்கு நட்டத்தையே தரும். கோழியினங்களின் தோலையும் இறகையும் ஒப்புநோக்குவோருக்கு, வெப்பநாட்டிலே பேணத்தக்கது இக்கோழியே என்பது புலனாகும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 41 பாகை செல்சியசு ஆகும். இறகுகளினிடையே அடைபட்டுள்ள காற்று உடற்சூட்டை வெளியேறவிடாது தடுக்கின்றது. குளிர்நாட்டில் இது நன்மை. உலர்வலயத்துக் கோடையிலோ இதுவே சுமையாகின்றது. கொண்டை, தாடி, கால் ஆகிய இறகற்ற உறுப்புக்களின் வழியாகவும், வாய்திறந்து மூச்சிரைப்பதனாலுமே கோழி தன் சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. வெப்பத்தால் வருந்தும் கோழி தீனைக் குறைத்துக்கொள்ளும், அதனால் முட்டை குறையும், சிறுக்கும், ஓடும் மெலியும்.

இனத்துக்கு இனம் இறகு வேறுபடும். கொச்சின், பிரமா ஆகிய பாரிய இனங்கள் அடர்ந்த மெல்லிறகும் இறகு மூடிய கால்களும் உடையன, வெப்பத்துக்கு ஏற்றனவல்ல. வெள்ளை லெகோன் சிற்றுடலும், உடலோடு ஒட்டிய இறகும், பெரிய கொண்டையும் உடையதாதலின் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பட்டிறகுக் கோழியின் இறகில் இழைகளைப் பிணைக்கும் கொளுக்கிகள் இல்லை. ஆதலின் அது மழையில் எளிதில் நனையும். சுருள் இறகுக் கோழியின் இறகுகள் வெளிப்புறமாக வளைந்திருப்பதால் சூடு எளிதில் வெளியேறும்; ஆயினும் அக்கோழி நன்கு பறக்கமாட்டாது.

மொட்டைக் கழுத்து நோயன்று. பரம்பரையலகு ஒன்றினால் உண்டாகும் இயல்பாகும். உண்ணியாலோ பிற கோழிகள் கொத்துவதாலோ இறகு உதிர்ந்த கோழி வேறு. இக்கோழி பொரிக்கும்போதே கழுத்து வெறுமையாயிருக்கும். அவ்வலகைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழியில், ஏனைய கோழிகளிலும் பார்க்க இறகு நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை குறையும். அதன் முன்கழுத்தில் ஒரு சிறு இறகுக்குஞ்சம் எஞ்சியிருக்கும். இருவரிடமிருந்தும் பெற்றதில் ஏறக்குறைய 40 பங்கு குறையும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. இறகு குறையும்போது, அதற்குச் செலவாகும் புரதத்தின் ஒரு பகுதி தசை வளர்ச்சிக்கு எஞ்சுகின்றது. அறுத்த கோழியை இறகு பிடுங்கித் துப்புரவாக்குவதும் எளிதாகின்றது.

தோலின் நிறத்தைக் கொண்டு கோழியை மதிப்பிடுதலும் பிழையே. லெகோன், றோட் ஐலண்ட் றெட் ஆகியவற்றின் தோல் மஞ்சள். ஒஸ்ரலோப்பின் தோல் வெள்ளை. பட்டிறகுக் கோழியின் தோல் கருமை. மஞ்சள் நிறம் சோளத்திலும் பசுந்தழையிலும் உள்ள நிறப்பொருள் தோலிற் படிவதால் உண்டாவது. மஞ்சட்தோல் இனத்துப் பேடு தொடர்ந்து முட்டையிடும்போது அதன் சொண்டும் காலும் வெளிறும். அவ்வெளிறலைக் கண்டு மெலிந்த கோழி என விற்றுவிடுவோர், நல்ல முட்டைக்கோழியையே இழக்கின்றனர்.

மொட்டைக் கழுத்துக் கோழியிலும் குறை இல்லாமலில்லை. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் அது கூடுதலாகத் தீன் தின்னும். ஆங்கு அதனால் நன்மை இல்லை. இரு பெற்றோரும் மொட்டைக் கழுத்தாயின் குஞ்சு பொரிக்கும் அளவு சற்றுக் குறையலாம். ஆதலின் மொட்டைக் கழுத்துச் சேவலைச் சாதாரண பேடுகளுடன் சேர்ப்பதே நன்று. குஞ்சமற்ற சேவலாயின் குஞ்சுகள் யாவும் மொட்டைக் கழுத்துடையனவாகும். குஞ்சமுள்ளதாயின் ஏறக்குறைய அரைப்பங்கு அவ்வாறாகும். வெயிலுக்கு ஒதுங்க நிழலும், எந்நேரமும் குளிர்ந்த நீரும் வைத்தல் வேண்டும்.

அழகு நோக்கிக் கழிக்கப்படும் ஒவ்வொரு மொட்டைக் கழுத்துக் கோழியோடும், பல தலைமுறைகளாக முற்றத்தில் நிலைத்துவந்த ஒரு நற்பண்பும் கழிந்துபோகின்றது. பணங்கொடுத்தும் எளிதிற் பெறமுடியாத அப்பண்பு, செலவின்றி வீட்டு முற்றத்திலேயே கிடக்கின்றது. கறிச்சட்டிக்கு எந்தக் கோழி என முடிவுசெய்யுமுன், அதன் கழுத்தையன்று, அது இட்ட முட்டைகளின் கணக்கையே நோக்குதல் வேண்டும்.