அம்பாசிடரா, ஹெரால்டா? கயத்தாறு ரோட்டில் ஜெயிச்சது எது, காப்பாத்த வேண்டியது எது?

தாத்தா வீட்டு ஷெட்ல பழைய கார் ஒண்ணு தூசி படிஞ்சு நிக்குதா? பழைய இரும்புக்கு எடை போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

இந்த இரண்டுமே பிரிட்டிஷ் வம்சம். அம்பாசிடரின் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரானது. ஹெரால்டின் மூலம், 1959-ல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதை 1961 முதல் இங்கே தயாரித்தது நம்ம சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

டிசைனில் யார் கில்லி?

சந்தேகமே இல்லாம ஹெரால்டு. வரைஞ்சவர் இத்தாலியின் மிக்கெலொட்டி. சுமார் 25 அடி வட்டத்துக்குள்ள முழுசாத் திரும்பிடும். பானெட்டை முன்பக்கமாச் சாய்ச்சா, மட்கார்டோட சேர்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. அதைக் கொடுத்தது சென்னைதான்.

அப்புறம் ஏன் தோத்துச்சு?

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் கரிசல் மண். மழை பெய்தா சக்கரத்தில் அப்பிக்கும், காய்ஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். அதுல கல்யாண வீட்டுக் கூட்டத்தையே ஏத்திக்கிட்டுப் போகணும். ஹெரால்டில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியா அசையும். ஆள் ஏற ஏற சக்கரம் சாயும், டயர் ஒரு பக்கமாத் தேயும். 1972-ல் வந்த அடுத்த மாடல் 'கெஸல்'ல கம்பெனியே இந்த அமைப்பை மாத்திடுச்சு. என்ஜினும் வெறும் 948 சிசி.

அம்பாசிடருக்கு 1489 சிசி, கட்டியான பின் ஆக்ஸில். அதைவிட முக்கியம், 2014 வரைக்கும் உற்பத்தி நிக்கல. அதனால ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு இல்ல.

இப்போ என்ன பண்ணலாம்?

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு முடிஞ்சு 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காரை 'விண்டேஜ்' எனப் பதியலாம். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலிக்கு ஓகே. டாக்ஸியா ஓடி டீசல் என்ஜினுக்கு மாறின அம்பாசிடருக்கு இது கஷ்டம். ஒரிஜினலா நிக்கிற ஹெரால்டுக்கு வாய்ப்பு அதிகம்.

என் கருத்து இதுதான்: அம்பாசிடரை நாடே ஞாபகம் வெச்சுக்கும். ஹூண்டாய், ஃபோர்டு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே சென்னையில் பிறந்த ஹெரால்டை நாமதான் காப்பாத்தணும். ஷெட்ல நிக்கிறது ஹெரால்டா இருந்தா, ஆர்சி புத்தகத்தை முதல்ல தேடி எடுங்க.