கூண்டு மீனுக்குக் கடன் கொடுக்குமுன்

தொண்டிக் கடைத்தெருவில் மளிகைப் பற்று வசூலாவதும் நின்றுபோவதும் கடலைப் பொறுத்தது என்பதை உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாளாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அரிசியும் எண்ணெயும் சீனியும் மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறோம், அறுவடைவரை சரக்குக் கொடுங்கள் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது?

இந்தத் தொழிலுக்கான குஞ்சு நமக்குப் பக்கத்தில் மண்டபத்தில் பிறந்தது. அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010 மார்ச்சில் கடல் விரால் என்னும் கோபியா மீனைச் செயற்கை முறையில் முட்டையிட வைத்தனர். இந்தியாவில் அதுவே முதல் முறை. கூண்டில் வளர்த்த தாய்மீனுக்கு மெல்லிய குழாய் விட்டு முட்டையை எடுத்து, முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஹார்மோன் ஊசி. மனிதருக்குப் பிள்ளைப்பேறு வைத்தியத்தில் போடுகிற அதே ஹார்மோன்தான்! இரண்டு நாளுக்குள் லட்சக்கணக்கில் முட்டை கிடைக்கும். ஆனால் குஞ்சில் பெரியது சிறியதைத் தின்றுவிடும். நாம் பருப்பைச் சலிப்பதுபோல் அடிக்கடி அளவு பிரித்தாக வேண்டும். தேறுவது கொஞ்சம்தான்.

ஊசி வித்தை புதிதல்ல. கேவியருக்குப் பேர்போன ஸ்டர்ஜன் மீனில் ரஷ்யர்கள் 1930-களிலேயே செய்தார்கள். நம் நாட்டில் ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் கெண்டை மீனில் செய்து காட்டினார். கடலில் ஸ்டர்ஜன் அருகிப்போக, இன்று உலகச் சந்தைக்கு வரும் கேவியரில் பெரும்பகுதி பண்ணை மீனுடையது. ஆனால் அதன் பெண்மீன் முட்டை தரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பெரிய முதலாளி வேண்டும். கடல் விராலோ ஏழெட்டு மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடும். நம் ஊருக்கு ஏற்றது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் தீனியில். இந்த மீன் ஒரு கிலோ கூட ஐந்தாறு கிலோ பொடி மீன் தின்னும். சூடையும் காரலும் கூண்டுக்குப் போனால் நம் கருவாட்டு மூட்டையின் விலை என்னவாகும்? தடைக்காலத்தில் அந்தப் பொடி மீனும் அரிதாகும். வளர்ப்பவர் கடன் கேட்டு வருவதும் அப்போதுதான்.

இறால் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1994-95 வைரஸ் நோயில் குளங்கள் காலியாயின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. என் கடையில் ஒரு பண்ணைக்காரர் வைத்த பாக்கி பழைய பேரேட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. தவறு அவருடையது மட்டுமல்ல. குளத்தில் எத்தனை இறால் உயிரோடு இருக்கிறது என்று கேட்காமலே கொடுத்தவன் நான்.

ஆகவே கூண்டுக்காரரிடம் குஞ்சு எந்த மாதம் விட்டார், வாடைக்காற்றுக்குக் கூண்டு தாங்குமா, தீனி எங்கிருந்து என்று கேட்டுவிட்டுப் பற்றுத் தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கணக்கை ஓட விடாதீர்கள். ஆலைத் தீனியைத் தொண்டியிலேயே இருப்பு வைத்து விற்கும் வாய்ப்பை உள்ளூர்க் கடைகளுக்குத் தரும்படி மீன்வளத் துறையிடம் நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.